பதினேழு வருட ஜெபம்

மணலில் விரித்த சாக்குகளின் மேல் ஊரே முழங்காலில் நிற்கிறது, கூட்டத்தின் நடுவே ஒரு வழி தானாகத் திறக்கிறது, அந்த வழியே லில்லி நடந்து வருகிறாள், நீலத் தாவணி, எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய சடை, பத்தொன்பது வயது, இரண்டு பக்கமும் இருக்கிற பெண்கள் அவள் மேல் பட்டுவிடாதபடி முந்தானையை இழுத்துக்கொள்கிறார்கள், மேடையிலிருந்து ஒலிபெருக்கி கூப்பிடுகிறது, வா மகளே, ஒளிக்காதே, உன் வயிற்றில் இருப்பதை ஆண்டவர் எனக்குக் காட்டிவிட்டார், இந்த ஊருக்கு வரவேண்டிய எழுப்புதலைத் தடுத்துக்கொண்டிருப்பது நீதான், அவள் மேடையைப் பார்க்காமல் முதல் வரிசையில் இருக்கிற மேபல் டீச்சரைப் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே நடக்கிறாள், எவ்வளவு நடந்தும் மேடை வரவில்லை, டீச்சர் கண்ணைத் திறந்துவிடுகிறாள். திறந்தால் வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரை மணி, பெத்தானியாவிளைக் கோயிலுக்குள் பாய் விரித்து ஒன்பது பெண்கள் உபவாச ஜெபத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்கள், ஆண்டவரே, அந்த நாட்களைப் போல இன்னொரு விசை எழுப்புதலைத் தாரும் என்று ஞானப்பூ அழுது ஜெபிக்கிறாள், எல்லாரும் ஆமென் என்கிறார்கள், டீச்சரும் சொல்கிறாள், இந்த ஜெபக் குழுவை ஆரம்பித்ததே அவள்தான், பதினேழு வருடமாக ஒரு வெள்ளிக்கிழமையும் தவறியதில்லை, அம்மை போட்டுக் கிடந்த வாரங்களில் மட்டும் வீட்டுக் கட்டிலிலிருந்தே ஜெபித்தாள், கண்ணை மூடினால் நீலத் தாவணி, திறந்தால் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்.

அவளுக்கு அறுபத்தெட்டு வயது, கோயில் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் தலைமை ஆசிரியை, ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள், லில்லிக்கும்தான், லில்லி கோயில் பாட்டுக் குழுவான கொயரில் நின்றால் மற்றவர்கள் குரலைத் தணித்துக்கொள்வார்கள், அப்படிப் பாடுவாள், அந்தப் பெண் பதினேழு வருடத்துக்கு முந்தி நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, டீச்சர், எனக்கு மூணு மாசம், அந்த ஆளு திருப்பூர் போனவரு திரும்பி வரல, எங்கம்மாட்ட நீங்கதான் சொல்லணும், எனக்கு வாய் வராது என்றாள், டீச்சர் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள், நான் சொல்லுதேம்மா, நீ பயப்படாத, யாருக்கும் தெரியாது என்றாள், அந்தச் சொல்லை அவள் மனதாரத்தான் சொன்னாள், இன்றைக்கும் அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அந்த வாரம்தான் எழுப்புதல் கூட்டம், ஊர் பாவத்தை அறிக்கையிட்டு ஆண்டவரிடம் திரும்புவதற்கான கூட்டம், மூன்று நாள், ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்கிற சுவிசேஷகர் ஜெயவீரன் வந்திருந்தார், முதல் இரண்டு நாளும் கூட்டம் அசையவே இல்லை, ஆட்கள் கொட்டாவி விட்டார்கள், மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாடு டீச்சர் வீட்டில், அவர் இலை முன்னால் உட்கார்ந்து, இந்த ஊரில் எதுவோ தடையா நிக்குது டீச்சரம்மா, எனக்குள்ள பாரமா இருக்கு, மறைவா ஒரு பாவம் கிடக்கு என்றார், சாம்பார் கரண்டியைப் பிடித்தபடி நின்ற டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது, ஜெபத்துக்காக மட்டும் சொல்லுதேன் ஐயா, மேடைக்குக் கொண்டு போயிராதீய என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னாள், தாவணியின் நிறம் வரைக்கும் சொன்னாள், பாரத்தைப் பகிர்ந்துகொள்வதாக நினைத்துச் சொன்னாள், அல்லது தன் வீட்டு இலையில் சாப்பிடுகிற பெரிய மனிதருக்கு முன்னால் ஊரின் அந்தரங்கமெல்லாம் தன் கையில் இருப்பதைக் காட்டிக்கொள்ளச் சொன்னாள், பதினேழு வருடம் யோசித்தும் இந்த இரண்டில் எது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் கூட்டம் அசைந்தது, லில்லி மேடையடியில் விழுந்ததும் ஊர் அலறிவிட்டது, இப்படி ஒளித்ததையெல்லாம் பார்க்கிறவர் நடுவில் வந்து நிற்கிறாரே என்ற பயம், களவெடுத்த பித்தளைப் பானையைக் கொண்டுவந்து உரியவன் வாசலில் வைத்தார்கள், பத்து வருடம் பேசாத அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து அழுதார்கள், ஞானப்பூவின் புருஷன் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணினான், பண்ணியபடியே இருந்தும் விட்டான், கூட்டத்தை இன்னும் மூன்று நாள் நீட்டினார்கள், பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். அந்த மூன்று நாளும் லில்லி வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக் கிடந்தாள், நாலாம் நாள் காலை முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள், யாரும் பார்க்கவில்லை, பார்த்தவர்களும் கேட்கவில்லை, அடுத்த ஞாயிறு அட்வெந்து, ஆண்டவரின் வருகைக்குக் காத்திருக்கிற நாலு ஞாயிறுகளில் முதலாவது, பீடத்துக்கு ஊதாத் துணி விரித்திருந்தது, கொயரில் லில்லி நிற்கிற இடத்தை மற்றவர்கள் ஓரடி நகர்ந்து நிரப்பிக்கொண்டார்கள். லில்லியின் அம்மா தங்கக்கனி மட்டும் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள், எம்பிள்ளையப் பாத்தியளா, டவுனுக்குப் போற ஆளுவோ யாராச்சும் பாத்தியளா, டீச்சரிடமும் கேட்டாள், ஜெபிப்போம் தங்கக்கனி என்றாள் டீச்சர்.

கடிதம் வந்தது மறு வருடம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் வாரம், மதுரை முத்திரை, அந்த எழுத்தை டீச்சர் உடனே அடையாளம் கண்டுகொண்டாள், அவள் கைபிடித்துப் போட்டுக் கொடுத்த எழுத்து, ஆபீஸ் அறையில் நின்றபடியே வாசித்தாள், பிறகு உட்கார்ந்து வாசித்தாள், நாளைக்குத் தங்கக்கனியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று கைப்பையில் வைத்துக்கொண்டாள். நாளை வந்தது, கொடுத்தால் வாசித்துக் காட்டச் சொல்வாள், தங்கக்கனிக்கு எழுத்து தெரியாது, வாசித்தால் அதில் ஒரு வரி வரும், அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக டீச்சரால் ஆகவில்லை, ஞாயிறு கழியட்டும், பரீட்சை கழியட்டும், கிறிஸ்துமஸ் கழியட்டும், கைப்பையிலிருந்து கடிதம் பீரோவுக்குள் சேலைகளின் அடிக்குப் போனது, இரண்டு வருடம் கழித்து ஒருநாள் துணிந்து அந்த மதுரை விலாசத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டாள், அப்படி யாரும் இப்போது இங்கே இல்லை என்று பதில் வந்தது, அதையும் வாசித்துவிட்டு அவள் அழுதாள், அந்த அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது, இனிக் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்ற நிம்மதி, அதுதான் அவளை இன்றுவரை அரிப்பது.

தங்கக்கனியின் வீடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்தபின் பீடி சுற்றிப் பிழைக்கிறவள், மடியில் முறம்போல ஒரு சுளகு, கையில் கத்திரி, அது பீடி இலையை நறுக்கிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் கை நின்று தலை நிமிரும், இறங்கினவர்களைப் பார்த்துவிட்டுத் தலை குனியும், பம்பாயிலிருக்கிற தம்பி வந்து, எக்கா, எங்கூட வந்துரு, இங்க ஒனக்கு யாரு இருக்கா என்று கூப்பிட்டபோது, நான் போயிட்டேன்னா அவ வந்து எந்த வாசல்ல நிப்பா என்று கேட்டுவிட்டாள், ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவாள், கடைசி வரிசையில் கதவோரம் உட்காருவாள், பாட்டு ஆரம்பித்தால் வாயைத் திறக்கமாட்டாள், உபவாச ஜெபத்துக்கு வா என்று டீச்சர் கூப்பிட்டால், பீடி கணக்கு முடியல டீச்சர் என்பாள். வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போகிற டீச்சர் அந்த வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும், சாப்பிட்டியா தங்கக்கனி என்று கேட்டுக்கொண்டே நிற்காமல் போவாள், போய் முழங்காலில் நின்று, வானத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கி வாரும் ஆண்டவரே என்று கண்ணீர் விடுவாள், பொய்யான கண்ணீர் இல்லை, அதுதான் அவளுக்கே விளங்காத காரியம், கோயிலில் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள், கமிட்டிச் சண்டை கோர்ட்டுக்குப் போனது, இரண்டு வருடம் ஒரே பண்டிகையை இரண்டு கூட்டமாகக் கொண்டாடினார்கள், எழுப்புதல் வரவில்லை, ஏன் வரவில்லை என்று மற்றவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும்போது அவள் பாயின் கோரையைப் பிடுங்கிக்கொண்டிருப்பாள்.

இந்த வருடம் சபைக்குப் புதிதாக வந்த போதகர் கிருபாகரன் ஐயர் சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர், பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று முதல் மாதமே புகார் போனது, அட்வெந்து முதல் ஞாயிறு அவர் பிரசங்கபீடத்தில் ஏறாமல் கீழே நின்றே பேசினார், அட்வெந்துன்னா நட்சத்திரம் கட்டுற காலம்னு நினைக்கோம், இது இருட்டுல உக்காந்து அழுற காலம், வாரும் வாரும்னு கூப்பிடுதோம், வாரவர் சும்மா வரமாட்டார், விளக்கோட வருவார், விளக்கு வந்தா வீட்டுல மூலைமுடுக்கெல்லாம் தெரியும், எழுப்புதலுக்காக இந்த ஊர்ல ரொம்ப வருசமா ஜெபிக்கிறீங்கன்னு சொன்னாங்க, சந்தோஷம், ஒண்ணு மட்டும் கேக்கேன், அவர் நிஜமாவே வந்துட்டா நமக்குச் சம்மதமா, என்று கேட்டுவிட்டு அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டார், சபை நெளிந்தது, யாரோ இருமினார்கள், மேபல் டீச்சருக்குக் காது அடைத்துக்கொண்டது. சம்மதம் இல்லை, அவளுக்கு ஒருநாளும் சம்மதம் இருந்ததில்லை, வாரும் என்று வாய் கேட்டுக்கொண்டிருக்க உள்ளே ஒருத்தி பீரோவில் முதுகைச் சாய்த்துக் கதவை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள், பதினேழு வருடம் வராதே வராதே என்றுதான் ஜெபித்திருக்கிறாள், கேட்கிறவருக்கு அது அல்லவா கேட்டிருக்கும்.

மறுநாள் திங்கட்கிழமை மத்தியானம் கடிதத்தை எடுத்துக்கொண்டு தங்கக்கனி வீட்டுக்குப் போனாள், என்ன டீச்சர் இந்த வெயிலுல, உள்ள வாங்க என்று தங்கக்கனி சுளகை நகர்த்தி இடம் பண்ணினாள், டீச்சர் உட்காரவில்லை, சொல்லவேண்டியதை வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருந்தும் கடிதத்தைத்தான் நீட்டினாள், யாரு எழுதுன கடுதாசி என்று கேட்டாள் தங்கக்கனி, லில்லி என்றாள் டீச்சர். கத்திரி நின்றது, தங்கக்கனி எழுந்தாள், சுளகு சரிந்து புகையிலைத் தூள் தரையெல்லாம் கொட்டியது, அவள் முகம் பத்தொன்பது வயதுப் பெண்ணின் முகம்போல ஆகிவிட்டது, அந்த முகத்தை டீச்சர் சாகும்வரை மறக்கமாட்டாள், இன்னைக்கா வந்துச்சு டீச்சர், இன்னைக்கா, என்று கேட்டாள், இல்ல தங்கக்கனி, வந்து பதினாறு வருசத்துக்கு மேல ஆச்சு என்றாள் டீச்சர். அந்த முகம் அணைந்தது, கோபமாகவும் மாறவில்லை, வெறுமனே அணைந்தது, தங்கக்கனி பழையபடி தரையில் உட்கார்ந்தாள், வாசிங்க என்றாள்.

அன்புள்ள டீச்சருக்கு லில்லி எழுதுவது, என்று வாசிக்க ஆரம்பித்தாள் டீச்சர், வகுப்பில் வாசிக்கிற குரல் தானாக வந்துவிட்டது, அதை அவளே வெறுத்தாள், நான் மதுரையில் ஒரு இல்லத்தில் இருக்கிறேன், மே மாதம் பெண்பிள்ளை பிறந்தது, இருவரும் சுகம், அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, வேறு யாரும் வாசித்தால் ஊருக்கெல்லாம் தெரியும், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன், நான் உங்களிடம் மட்டும்தான் சொன்னேன், நீங்கள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும், ஆண்டவரேதான் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார், அவருக்கே நான் வேண்டாம் என்று ஆகிவிட்டது, இங்கே ஜெபத்துக்கு மணி அடித்தாலும் நான் போவதில்லை, அம்மா என்னைப் பார்க்க வருவாளா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள், பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை, அம்மா வந்து வைக்கட்டும். முடித்துவிட்டு நின்றாள், இன்னொரு மட்டம் வாசிங்க என்றாள் தங்கக்கனி, வாசித்தாள், ஆண்டவர் காட்டிக் கொடுத்துவிட்டார் என்ற இடத்தில் தங்கக்கனி கையை உயர்த்தி நிறுத்தினாள், அவரா காட்டிக் கொடுத்தாரு என்று கேட்டாள், இல்ல, நாந்தான், அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டுல வச்சு ஜெயவீரன் ஐயாட்ட நாந்தான் சொன்னேன் என்றாள் டீச்சர். வெளியே ஒரு பஸ் வந்து நின்று போனது, தங்கக்கனி நிமிரவில்லை, தலை குனிந்தபடியே பேசினாள், நான் கோயிலுக்கு வருவேன் டீச்சர், உக்காருவேன், ஆனா இந்தப் பதினேழு வருசமும் ஆண்டவருகிட்ட ஒரு வார்த்த பேசுனது கெடையாது, எம்பிள்ளைய அத்தன பேருக்கு முன்னால காட்டிக் கொடுத்தவருகிட்ட என்னத்தப் பேச, நீங்க செஞ்சதுக்கு அவரப் போயில்லா பகைச்சுக்கிட்டுக் கிடந்திருக்கேன், என்றாள், பிறகு கையை நீட்டி, கடுதாசியத் தந்துட்டு எழும்பிப் போங்க என்றாள். டீச்சர் நின்றுகொண்டுதான் இருந்தாள், எழும்பிப் போங்க என்று தங்கக்கனி திரும்பவும் சொன்னாள்.

இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிவில் டீச்சர் ஐயரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு சபைக்கு முன்னால் போய் நின்றாள், அந்தத் தரையில்தான் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் கேட்டிருக்கிறாள், அன்னைக்கு மேடையில சொன்னது ஆண்டவர் காட்டுனதில்ல, நான் சொல்லிக் கொடுத்தது, அந்தப் பிள்ளை எழுதுன கடுதாசிய அவ அம்மாட்ட குடுக்காம மறைச்சு வச்சிருந்ததும் நான்தான், என்று முழுவதையும் சொன்னாள், யாராவது அழுவார்கள், யாராவது தானும் எழுந்து நிற்பார்கள் என்று மனதின் ஒரு மூலை அப்போதும் எதிர்பார்த்தது, எதிர்பார்த்ததற்காக வெட்கப்பட்டாள், ஒருவரும் அழவில்லை, சில ஆண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள், ஞானப்பூதான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, அப்பம் அந்த மூணு நாளும் பொய்யா டீச்சர், எம்மாப்பிள குடிய விட்டது பொய்யா, நான் இத்தன வருசம் பட்டினி கெடந்து எதக் கேட்டேன், அதே மாதிரி இன்னொண்ணு வேணும்னுதான கேட்டேன், இன்னொரு பிள்ளைய மணல்ல நடக்க வைக்கணும்னா கேட்டேன் என்று கத்தினாள், எனக்குத் தெரியல ஞானப்பூ என்றாள் டீச்சர், நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை, பதில் சொல்லியே பழகிய வாய் அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த வார்த்தையைச் சொன்னது. புதன்கிழமை கமிட்டியிலிருந்து ஆட்கள் வந்து, கொஞ்ச நாளைக்கு நீங்க ஜெபக் கூட்டத்த நடத்த வேண்டாம் டீச்சர், ஆளுவோ சங்கடப்படுதாங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள், சரிப்பா என்றாள், அதற்குப் பின் அந்த வாரம் அவள் வீட்டு வாசலுக்கு ஒருவரும் வரவில்லை, பால்காரர் மட்டும் பேசாமல் ஊற்றிவிட்டுப் போனார்.

அதே வாரம் தங்கக்கனி கடிதத்தை எடுத்துக்கொண்டு கிருபாகரன் ஐயரோடு மதுரைக்குப் போனாள் என்று டீச்சர் கடையில் கேள்விப்பட்டாள், நாலு நாள் அந்த வீட்டுக் கதவு பூட்டியிருந்தது, டீச்சர் அந்த நாலு நாளும் ஜன்னலோரம் உட்கார்ந்து டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு பேர் இறங்குவார்களா, மூன்று பேர் இறங்குவார்களா, இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது, சாப்பாடு இறங்கவில்லை, இதையா அந்த மனுஷி பதினேழு வருடம் சுமந்தாள், நான் ஒரு பகல் பட்டினி கிடந்துவிட்டு அதற்குக் காத்திருப்பு என்று பேர் வைத்திருந்தேனே. சனிக்கிழமை பஸ்ஸில் தங்கக்கனியும் ஐயரும் மட்டும் இறங்கினார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வெள்ளிக்கிழமை டீச்சர் உபவாச ஜெபத்துக்குப் போனாள், முன்னால் போகாமல் கடைசித் தூணருகே வெறுந்தரையில் உட்கார்ந்தாள், பாயில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள், யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, பாட்டு ஒன்று பாடினார்கள், நடத்துவதற்கு ஆளில்லாமல் அது பாதியில் தேய்ந்து நின்றது, அந்த அமைதியில் தங்கக்கனி கதவு வழியாக உள்ளே வந்தாள், அவள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குள் வருவது இதுதான் முதல் தடவை, நேராக வந்து டீச்சரிடமிருந்து ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள், அந்த இல்லத்த மூடி ஒம்பது வருசமாச்சாம் என்று தணிந்த குரலில் சொன்னாள், பக்கத்துத் தெருவுல அங்க சமைச்ச ஒரு அம்மா இருக்கா, அவளுக்கு லில்லிய ஞாபகம் இருக்கு, ரெண்டு வருசம் தெனமும் தபால்காரன் வார நேரத்துக்குப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வாசக் கதவுகிட்ட வந்து நிப்பாளாம், ரெண்டு வருசமும் பிள்ளைக்குப் பேரு வைக்காம பாப்பா பாப்பான்னே கூப்பிடுவாளாம், அப்பறம் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குன்னு போயிட்டாளாம், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாதுன்னுட்டா, ஐயர் அங்க நாலு கோயிலுக்கு எழுதிப் போட்டிருக்காரு.

டீச்சரால் தலை நிமிர முடியவில்லை, மன்னிச்சிரு என்று கேட்க நினைத்தாள், அதைக் கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று தெரிந்து விட்டுவிட்டாள், எனக்கு ஒங்கள மன்னிக்க மனசு வரல டீச்சர் என்றாள் தங்கக்கனி, அந்த நினைப்பையே கேட்டுவிட்டவளைப்போல, வருமான்னும் தெரியல, அதுக்காக நான் வரல, அவருகிட்ட பேசலாம்னு வந்தேன், பேசி ரொம்ப நாளாச்சுல்லா, எப்படித் தொடங்கன்னே தெரியல, நீங்க ஜெபம் பண்ணுங்க, எழுப்புதல்னு சொல்லாதீய, லில்லின்னு சொல்லுங்க, லில்லியும் அவ பிள்ளையும்னு சொல்லுங்க. பாயில் இருந்த பெண்கள் இப்போது முழுவதுமாகத் திரும்பியிருந்தார்கள், ஞானப்பூ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள், டீச்சர் முழங்காலிட்டாள், ஆண்டவரே என்றாள், அதற்குப் பின்னால் எப்போதும் மடை திறந்ததுபோல வருகிற வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை, ஆண்டவரே, லில்லி, என்றாள், மறுபடி லில்லி என்றாள், அவளும் அவள் பிள்ளையும் எங்கே இருந்தாலும், என்று தொடங்கி அதையும் முடிக்க முடியாமல் நெற்றியைத் தரையில் வைத்துவிட்டாள், கூட்டம் அசையவில்லை, எதுவும் இறங்கி வரவில்லை. தங்கக்கனி ஆமென் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை.